மாமனாரும் பென்சில் கோடும்

ஃப்ளோரிடாவில் வீடு விற்கிற ஏஜென்ட்டுகளுக்குப் புதுக் கறை என்ற ஒன்றே கிடையாது. சுவரிலோ சீலிங்கிலோ எதைச் சுட்டிக் கேட்டாலும் அது பழசு. ஒழுகியது போன உரிமையாளர் காலத்தில். சரிசெய்து வருடக்கணக்காகிறது. சரிசெய்த கையோடு அதன்மேல் ஒரு கோட் பெயின்ட் அடித்திருக்கலாமே என்று கேட்டுப்பாருங்கள், சமையலறையில் கிரானைட் மேடையைக் காட்டுகிறேன் வாருங்கள் என்பார்கள்.

நாங்கள் டாம்பா பக்கம் வீடு தேடியபோது என் மாமனாரும் கூடவே வந்தார். பொதுப்பணித்துறையில், பாசனப் பிரிவில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தண்ணீர் எங்கே புகும், எங்கே வெளியேறும் என்று சந்தேகப்படுவதற்கு மாதாமாதம் சம்பளம் வாங்கியவர். பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகும் சந்தேகத்தை விடவில்லை. ஆறு மாத விசாவில் பேரனைக் கொஞ்ச வந்திருந்தார். பேரன் காலையில் சம்மர் கேம்புக்குப் போய்விடுவான். கொஞ்ச ஆளில்லாத பகல் பொழுதுகளில் அவர் சுவர்களைத் தட்ட ஆரம்பித்தார்.

முதல் வீட்டில் விரல் கணுவால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, "மாப்ளே, உள்ள ஒண்ணுமே இல்லியே" என்றார். உண்மைதான். அந்தப் பக்கத்தில் வெளிச்சுவர் கான்கிரீட் கல்லாக இருந்தாலும் அறைகளைப் பிரிப்பதெல்லாம் டிரைவால். இரண்டு தாள்களுக்கு நடுவே அரை அங்குல ஜிப்சம், அவ்வளவுதான். பதினாறு அங்குலத்துக்கு ஒரு சட்டம் நிறுத்தி, அதில் பலகையைத் திருகி, இடுக்கைப் பூசி, பெயின்ட் அடித்துவிட்டால் சுவர். அதற்கு வக்காலத்து வாங்கும் ஆசையில், ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் கட்டுண்டு கிடக்கிறது, தீப்பிடித்தால் அது ஆவியாகி நெருப்பைக் கொஞ்ச நேரம் தடுத்து வைக்கும் என்றெல்லாம் சொன்னேன்.

"அப்ப சுவத்துக்குள்ள தண்ணி இருக்குன்னு நீங்களே ஒத்துக்கறீங்க."

"அந்தத் தண்ணி வேற மாமா."

"எல்லாத் தண்ணியும் ஆரம்பத்துல வேறதான்" என்றவர், சுவரை இன்னொரு முறை தட்டினார். "இதுல காலண்டர் மாட்டலாம். மாமனார் சாயலாமா?"

உள்ளே சட்டம் இருக்கிற இடமாகப் பார்த்துச் சாயலாம் என்றேன். சட்டத்தைக் கண்டுபிடிக்கும் சிறு கருவி ஒன்றையும் வாங்கிக் கொடுத்தேன். அதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அதைச் சுவரில் வைத்து நகர்த்துவார். அது 'பீப்' என்று அனுமதி கொடுத்த பிறகே முதுகைக் கொடுப்பார்.

அப்படிச் சாய்ந்து நின்ற ஒரு வீட்டில்தான் எதிர்ச்சுவரில் அந்தக் கறையைப் பார்த்தோம். தொண்ணூறுகளில் கட்டிய வீடு. தாழ்வாரத்தில், சீலிங் மூலையில் தொடங்கி, டிக்காஷன் நிறத்தில் சுவரில் இறங்கியிருந்தது. பிரிப்பதற்கு முந்தைய தஞ்சை ஜில்லா வரைபடம் மாதிரியே இருந்தது. கொள்ளிடம் மேலே, கீழே கூராகக் கோடிக்கரை. என் மனைவி அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வேணாங்க, வந்தவுடனே கண்ணுல படுது" என்று காருக்குப் போய்விட்டாள். ஏஜென்ட் அம்மாள் அது பழசு என்றார். மாமனார் எதுவும் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, கறையின் ஓரத்தை ஒட்டி முழுதாக ஒரு கோடு போட்டு, கோடிக்கரைக்குக் கீழே தேதி எழுதிச் சுருக்கொப்பமும் வைத்துவிட்டார். அடுத்தவர் வீட்டுச் சுவர்! ஏஜென்ட் அம்மாளுக்குப் பேச்சு வரவில்லை.

"வளருதான்னு பாக்க வேணாமா? அணையில விரிசல் விட்டா இப்பிடித்தான் செய்வோம்" என்றார் எங்களுக்கு ஆறுதலாக.

கறைக்குச் சொன்ன காரணங்களில் ஃப்ளோரிடாவில் முதல் பரிசு 1982இல் சொன்னதற்குத்தான் கொடுக்கவேண்டும். ஜான்சன் தம்பதியின் வீட்டை டேவிஸ் தம்பதி 3,10,000 டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். வீட்டுக்கு வயது மூன்று. ஜன்னல் ஓரத்தில் பூச்சு உப்பி உரிந்திருப்பதையும், சீலிங்கில் கறை இருப்பதையும் திருமதி டேவிஸ் கவனித்துக் கேட்டார். ஜன்னலில் முன்பு சின்னக் கோளாறு இருந்தது, அது எப்போதோ சரியாகிவிட்டது என்றார் ஜான்சன். சீலிங்கில் இருப்பது கறையே அல்ல, வால்பேப்பர் பசையும் உத்தரத்தை நகர்த்திய அடையாளமும்தான் என்றார். எத்தனை பேருக்கு வரும் இந்தக் கற்பனை? சில நாள் கழித்துப் பெருமழை. திருமதி டேவிஸ் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால், ஜன்னல் சட்டத்தைச் சுற்றித் தண்ணீர் கொட்டுகிறது. சீலிங்கிலிருந்து, விளக்குகளிலிருந்து, கண்ணாடிக் கதவிலிருந்து கொட்டுகிறது. சமையலறை அடுப்பிலிருந்தும் கொட்டுகிறது.

அடுத்து நடந்தது மாமனாருக்கு மிகவும் பிடித்த பகுதி. விற்றவர் தரப்பில் கூரையைப் பார்த்த இரண்டு பேர், ஆயிரம் டாலருக்குள் ஒழுகலை நிறுத்திவிடலாம் என்றார்கள். வாங்கியவர் தரப்பில் பார்த்த மூன்று பேர், கூரையே கோளாறு, 15,000 டாலருக்குப் புதிதாகப் போட்டால்தான் ஆகும் என்றார்கள். "அஞ்சு பேரும் பொய் சொல்லலே மாப்ளே. எஸ்டிமேட்ங்கறது யார் கேக்கறாங்களோ அவங்களுக்குத் தகுந்தாப்பலதான் வரும்." வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. வீட்டின் மதிப்பைப் பெரிதும் பாதிக்கிற, வாங்குபவரின் கண்ணுக்கு எளிதில் படாத குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால் அவர் அதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று 1985இல் தீர்ப்பு வந்தது. அடுப்பில் தண்ணீர் வந்த பிறகுதான் சட்டமும் வந்தது. தெரிந்தால் சொல்லவேண்டும் என்றாகிவிட்டதால், தன் வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாமலே அதில் குடியிருக்கும் கலையும் வளர்ந்தது. விற்பவர்கள் நிரப்பித் தரும் படிவங்களைப் படித்தால், இவர்கள் அந்த வீட்டில் கண்ணைக் கட்டிக்கொண்டு இருபது வருடம் வாழ்ந்திருக்கிறார்கள் என்றே தோன்றும்.

அடுத்துப் பார்த்த வீட்டில் கறையே இல்லை. 2006இல் கட்டியது. வெள்ளைச் சுவர், வெள்ளைச் சீலிங், ஒரு புள்ளி கிடையாது. மனைவி அங்கேயே சோபா எங்கே, பூஜை அலமாரி எங்கே என்று முடிவு செய்துவிட்டாள். ஏ.சி.யும் புதுசு என்று ஏஜென்ட் அம்மாள் இரண்டு தடவை சொன்னார். ஒவ்வோர் அறையிலும் வெனிலா வாசனையோடு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது.

"ஏன் இத்தனை மெழுகுவத்தி? இங்கயும் கரண்ட் கட்டா?" என்றார் மாமனார். பிறகு மூக்கை உறிஞ்சி, முகம் மலர்ந்து, "வீட்டுக்காரர் நம்ம ஆளு மாப்ளே" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "முள்ளங்கி சாம்பார் வச்சிருக்காங்க. ரெண்டு நாள் ஆயிருக்கும். அதை மறைக்கத்தான் இந்த வத்தியெல்லாம்."

ஒப்பந்தம் போட்டோம். 'உள்ளது உள்ளபடி' வகை ஒப்பந்தம் அது. பயமுறுத்தும் பெயர்தான், ஆனால் அதற்குள்ளேயே ஓர் இரக்கம் வைத்திருக்கிறார்கள். வீட்டைச் சோதித்துப் பார்க்க அவகாசம் உண்டு; நாள் எண்ணிக்கையை நிரப்பாமல் விட்டால் 15 நாள். அதற்குள் பிடிக்கவில்லையென்றால் விலகிக்கொள்ளலாம். சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர் கட்டிய ஆண்டைக் கேட்டார். 2006 என்றதும் கூரைப்பக்கம் போகாமல் நேராக ஏ.சி. பெட்டியிடம் போனார். மெக்கானிக்குகள் ஒட்டிவிட்டுப்போன சீட்டுகளைப் படித்தார். ஏ.சி.க்குள் இருக்கும் செம்புச் சுருள், அதாவது 'காயில்', வீடு கட்டியதிலிருந்து திரும்பத் திரும்ப மாற்றப்பட்டிருந்தது. ஏஜென்ட் அம்மாளுக்குப் பெருமையாக இருந்த விஷயம் அவருக்குத் துப்பாகிவிட்டது. சுவரில் ஒரு பிளக் பாயின்ட்டின் மூடியைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்து, எங்களைக் கூப்பிட்டார். உறையில்லாமல் பளபளக்க வேண்டிய செம்பு எர்த் கம்பி கன்னங்கரேலென்று இருந்தது.

பிறகு கதையைச் சொன்னார். 2004இல் சார்லி, ஃபிரான்சிஸ், ஐவன், ஜீன் என்று ஏறக்குறைய ஆறு வாரத்தில் நான்கு புயல்கள் ஃப்ளோரிடாவைப் புரட்டிப்போட்டன. மறு வருடம் கத்ரீனா. இடிந்ததைக் கட்டவும், வீட்டு வியாபாரம் பொங்கிக்கொண்டிருந்ததால் புதிதாகக் கட்டவும் டிரைவால் பற்றவில்லை. சீனாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்தது. அதில் ஒரு பகுதி, கந்தக வாயுக்களைக் கக்கும் சரக்கு. வெப்பமும் ஈரப்பதமும் ஏற ஏற அதிகமாகக் கக்கும். ஃப்ளோரிடாவில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. செம்பு கறுக்கும், ஏ.சி. காயில் செத்துப்போகும், வீடு அழுகிய முட்டையாக நாறும். நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஏறக்குறைய 4,000 புகார்கள் வந்தன, பாதிக்குமேல் ஃப்ளோரிடாவிலிருந்து. சீனத்துப் பலகை எல்லாமே கெட்டதில்லை. ஆனால் 2001க்கும் 2009க்கும் இடையில் டிரைவால் ஏறிய வீடு, கறுத்த செம்பு இரண்டும் சேர்ந்தால் மேற்கொண்டு ஆராயவேண்டும் என்பது வழிகாட்டுதல். ஆய்வுக்கூடத்தில் உறுதியானால், கெட்ட பலகை அத்தனையையும் பிய்த்தெடுக்கவேண்டும். சுவிட்ச், பிளக் பாயின்ட், புகை எச்சரிக்கைக் கருவி எல்லாம் புதிதாகப் போடவேண்டும். இனி பலகையின்மேலேயே செய்தவர் பெயரும் செய்த தேதியும் இருக்கவேண்டும் என்று 2013 ஜனவரியில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் சொல்கிறது. எங்கள் சுவர் அதற்கு மூத்தது.

முள்ளங்கி சாம்பார் விஷயத்தை நான் இன்ஸ்பெக்டருக்கு மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை. மாமனாரை மரியாதையோடு பார்த்து, நிறையப் பேருக்கு வாசனையே தெரிவதில்லை, பழகிவிடும், இவருக்கு நல்ல மூக்கு என்றார். பெருங்காயமும் முள்ளங்கியும் முட்டைக்கோசும் அறுபது வருடம் பயிற்சி கொடுத்த மூக்கு அது. கந்தகம் எந்த வேஷத்தில் வந்தாலும் பிடித்துவிடும். ஊரைத்தான் கொஞ்சம் தப்பாகச் சொல்லும்.

மனைவி இன்னும் அந்த வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். லட்சக்கணக்கான டாலர் நஷ்டம் என்றேன். ம் என்றாள். உடம்புக்கும் நல்லதல்ல என்றேன். அதற்கும் ம். இன்ஸ்பெக்டர் போகிற போக்கில், வெள்ளிச் சாமான் இருந்தால் அதுவும் கறுத்துப்போகும் என்றார். அவ்வளவுதான். பாட்டி கொடுத்த குத்துவிளக்கு, குங்குமச் சிமிழ், பையனின் அரைஞாண், சீர்வரிசைத் தட்டு என்று அவள் மனத்துக்குள் ஒரு லாக்கர் திறந்து மூடியது தெரிந்தது. "வாங்க போலாம்" என்றாள். வெள்ளியைப் பாலிஷ் போட்டுக்கொள்ளலாமே என்ற ஏஜென்ட் அம்மாளுக்கு அவள் பதில்கூடச் சொல்லவில்லை.

எல்லாச் சுற்றும் சுற்றித் தஞ்சை ஜில்லா வீட்டுக்கே திரும்பி வந்தோம். இடையில் டாம்பாவின் மழைக்காலம் தன் வேலையைச் செய்திருந்தது. மதியமானால் இடி, நாலு மணிக்கு வெள்ளம், ஐந்து மணிக்கு ஒன்றும் தெரியாததுபோல் வெயில். வீட்டுக்காரரின் ஏஜென்ட், யாரோ சுவரில் கிறுக்கிவிட்டதாகப் புகார் சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தார். மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கோட்டின் அருகே போனார். கறை கோட்டைத் தொட்ட இடத்தில் தொட்டபடியே நின்றது. கோடிக்கரை ஒரு நூல்கூட இறங்கவில்லை.

அதே இன்ஸ்பெக்டரைத்தான் அழைத்திருந்தோம். ஈரம் பார்க்கும் மீட்டரைக் கறையில் வைத்தார், காய்ந்திருந்தது. நேர் மேலே பரணில் ஏ.சி. பெட்டி. கோடைக்காலத்தில் அது ஒரு நாளில் காலன் கணக்கில் தண்ணீரைக் காற்றிலிருந்து பிழிந்தெடுக்கும். அதை வெளியேற்றும் முக்கால் அங்குலக் குழாயில் பாசி அடைத்தால் தட்டு நிரம்பி டிரைவாலில் இறங்கும். இங்கே எப்போதோ ஒருமுறை இறங்கியிருக்கிறது. பிறகு குழாயைச் சுத்தம் செய்து, தண்ணீர் ஏறினால் ஏ.சி.யை நிறுத்திவிடும் மிதவை சுவிட்சும் போட்டிருக்கிறார்கள். ஏஜென்ட்டுகள் எல்லாரும் எல்லாக் கறைக்கும் சொல்லும் பொய், இந்த ஒரு கறையில் உண்மையாகிவிட்டது. பிளக் பாயின்ட் மூடியைக் கழற்றியதும் செம்பு செம்பாகவே மின்னியது. "மாமா, மதகு அடைச்சிருக்கு, அவ்வளவுதான்" என்றேன். தூர் வாரினார்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். இன்ஸ்பெக்டரின் அறிக்கையில் பென்சில் கோட்டின் புகைப்படமும் இருந்தது. கீழே, வரைந்தவர், வாங்குபவரின் மாமனார் என்று குறிப்பு.

கறையைக் காட்டி விலையில் கொஞ்சம் குறைத்தார்கள். கோட்டைக் காட்டி அதில் கொஞ்சம் திரும்ப ஏற்றப் பார்த்தார்கள், நடக்கவில்லை.

குடிபோனவுடன் பெயின்டரை அழைத்தாள் மனைவி. வெறும் பெயின்ட் அடித்தால் கறை மறுபடி மேலே வரும், அதற்கென்று இருக்கும் ப்ரைமரை முதலில் அடிக்கவேண்டும் என்றார் அவர், சரியாகத்தான். டப்பாவைத் திறந்து பிரஷ்ஷை எடுத்தவருக்கும் சுவருக்கும் நடுவில் மாமனார் போய் நின்றார். இதை அடித்தால் கறை சுத்தமாகத் தெரியாது என்று பெயின்டர் உறுதி கொடுத்தார். நான் மொழிபெயர்த்தேன்.

"தெரியாதுன்னா, அப்பறம் ஒழுகினா எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் மாமனார்.

பெயின்டர் என்னைப் பார்த்தார். புயல் காலம் நவம்பர் 30இல்தான் முடிகிறது, அதுவரை பொறுக்கச் சொல்கிறார் என்றேன். ப்ரைமர் டப்பாவை மூடி வைத்துவிட்டு, படுக்கையறைக்கு என்ன கலர் என்று கேட்டார்.