சமயநல்லூர் வட்டாரத்தில் அம்மண நடைக்கு ஏற்ற ஒற்றையடிப் பாதைகள்: ஒரு முன்னோட்ட ஆய்வு

முதலில் ஓர் உறுதிமொழி. இந்த ஆய்வு முழுக்க முழுக்க வேட்டி கட்டிக்கொண்டு செய்யப்பட்டது. ஓரிடத்தில் வேட்டி ஆய்வாளரை விட்டுப் பிரிய முயன்றது உண்மை. அதை உரிய இடத்தில் மறைக்காமல் பதிவு செய்திருக்கிறேன்.

ஐரோப்பாவில் சிலர் உடுப்பில்லாமல் காட்டுவழி நடப்பதை ஒரு பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைப்பகுதியில் 2010-இல் அதற்கென்றே 18 கிலோமீட்டர் பாதை திறந்தார்கள். அம்மணமானவர்களைப் பார்க்க விரும்பாதவர் இதற்கு மேல் போக வேண்டாம் என்று பாதையோரம் பலகையும் வைத்தார்கள். அந்தப் பலகையைச் சமயநல்லூரில் நட்டால் என்ன ஆகும் என்று மதுரைக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. முதல் ஞாயிறு இளநீர்க் கடை, அடுத்த ஞாயிறு பருத்திப்பால் வண்டி, மூன்றாவது ஞாயிறு பார்க்கிங் டோக்கன். ஆகவே நமக்கு வேண்டியது பலகையில்லாத, ஆளில்லாத பாதை. அப்படி ஒன்று இந்த வட்டாரத்தில் உண்டா என்பதே ஆய்வுச் சிக்கல்.

ஊர்ப்பெயரை ஆராயாமல் எந்த ஆய்வும் நகராது. சமயநல்லூர் என்பது 'சமணநல்லூர்' என்பதன் திரிபு என்று எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது. ஆதாரம் கடுகளவும் இல்லை. ஆனாலும் ஊர்ப்பெயருக்கு ஒரு பொய் வேராவது காட்டாத கட்டுரையை எந்தக் கருத்தரங்கிலும் மதிக்கமாட்டார்கள் என்பதால் இந்த வாக்கியத்தை அடிக்காமல் விட்டுவைக்கிறேன்.

பெயரில் சமணம் இல்லாவிட்டாலும் கண்ணெதிரே இருக்கிறது. ஊரிலிருந்து தெற்கே பார்த்தால், வைகைக்கு அந்தப் பக்கம் பாம்பு படுத்ததுபோல் நீண்டு கிடப்பது நாகமலை. மதுரையை அழிக்கச் சமணர்கள் ஏவிய நாகம்தான் மலையாய்ச் சமைந்தது என்பது திருவிளையாடல் கதை. யானைமலைக்கும் பசுமலைக்கும் இதே வம்சாவளிதான். கதையை விட்டுவிட்டுக் கல்லைப் பார்த்தாலும் சாட்சி குறையாது. கொங்கர் புளியங்குளத்தில் குகைத்தளமும் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்தும் உள்ளன. கீழக்குயில்குடிச் சமணர் மலையில் தீர்த்தங்கரர்கள் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக வெயிலையும் மழையையும் வெறும் உடம்பில் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். சமணரில் திகம்பரர் என்போர் திசையையே ஆடையாகக் கொண்டவர்கள். ஏழாம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், தென்கோடி நாட்டில் நிர்க்கிரந்தர்கள் மிகுதி என்று குறித்துவைத்தார். நிர்க்கிரந்தர் என்றால் கட்டு இல்லாதவர். வேட்டிக் கட்டும் அதில் அடக்கம்.

இவர்களை அமணர் என்றும் சொன்னார்கள். அந்தச் சொல்லிலிருந்துதான் 'அம்மணம்' வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஒரு பெரிய தத்துவ மரபு ஊரைவிட்டுப் போய், குளிக்க மறுத்துத் திண்ணையைச் சுற்றி ஓடும் குழந்தையை அம்மா திட்டுகிற சொல்லாக மிஞ்சியிருக்கிறது. நிர்வாணம் என்ற சொல்லின் கதி இதைவிடச் சுவையானது. வடக்கே அது பல பிறவி பாடுபட்டு அடைய வேண்டிய நிலை. தமிழில் துண்டை அவிழ்த்தால் போதும்.

திகம்பர முனிவர் நடக்கும் முறைக்கு விதிகள் உண்டு. பகலில் மட்டுமே நடக்க வேண்டும். எறும்பு மிதிபடாதபடி நாலு முழம் முன்னால் தரையைப் பார்த்தே அடி வைக்க வேண்டும். மழைக்காலம் நாலு மாதம் ஓரிடத்தில் தங்கிவிட வேண்டும். கையில் மயிற்பீலிக் கொத்தும் நீர்க்கமண்டலமும் உண்டு, பை கிடையாது. இவ்விதிகளை இருமுறை படித்துப் பார்த்தேன். ஆளில்லாத பாதையைத் தேடு என்று ஒரு வரிகூட இல்லை. இன்றைக்கும் அவர்கள் பட்டப்பகலில் ஊர் நடுவேதான் போகிறார்கள். மறைவான பாதை தேடுகிற ஆளுக்கு வீட்டில் சட்டை காத்திருக்கிறது என்று அர்த்தம். ஆய்வாளரும் இந்தக் கட்சிதான்.

நவீன காலத்தில் இந்தத் துறைக்கு முதல் சங்கம் கண்டதும் இந்தியாதான். 1891-இல் பம்பாய்க்குப் பக்கத்துத் தாணாவில் சார்லஸ் எட்வர்ட் கார்டன் கிராஃபோர்டு என்ற ஆங்கிலேயர் அம்மணர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். மொத்த உறுப்பினர் மூன்று பேர். தலைவர் செயலாளர் பொருளாளர் போக, சந்தா வாங்க ஆளில்லை. இதில் கவனிக்க வேண்டியது, கிராஃபோர்டு அந்த ஊரின் மாவட்ட நீதிபதி. பொது இடத்து ஆபாசத்தைத் தண்டிக்கும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294-ஆம் பிரிவு அப்போதே சட்டப் புத்தகத்தில் இருந்தது. பிடிபட்டால் அவர் தம்மைத் தாமே விசாரித்திருக்க வேண்டும்.

அதற்குச் சரியாக முப்பது ஆண்டு கழித்து, 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதி வீட்டிலிருந்து காந்தி முழங்கால் துண்டோடு வெளியே வந்தார். ரயிலில் வரும்போது சக பயணிகளிடம் கதர் கட்டச் சொல்லியிருக்கிறார். அவ்வளவு விலைக்கு எங்கே போவோம் என்று அவர்கள் கேட்டது அவரை உறுத்தியிருந்தது. பத்தாண்டு கழித்துச் சர்ச்சில் அவரை அரை நிர்வாணப் பக்கிரி என்று ஏசினார். ஆக, உடுப்பைக் குறைக்கும் துறையில் இந்தியாவிலேயே பெரிய முடிவு நடந்தது எங்கள் ஊரில்தான். அதுவும் பாதியோடு நின்றுவிட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

சட்டம். 2024 ஜூலை 1 முதல் பழைய 294-க்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ஆம் பிரிவு. மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் பிரிவை நிறுத்திப் படித்தால் ஒரு நயம் தெரியும். செயல் ஆபாசமாக இருந்தால் மட்டும் போதாது, பிறருக்கு எரிச்சல் ஊட்டவும் வேண்டும். எரிச்சல்படுகிற ஆள் ஒருவர் கிடைக்கும்வரை குற்றம் முழுமை பெறுவதில்லை. பிரிட்டனில் ஸ்டீபன் காஃப் என்பவர் பூட்ஸும் முதுகுப்பையும் மட்டும் அணிந்து நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து, ஆண்டுக்கணக்கில் சிறையிருந்து, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போய் 2014-இல் தோற்றார். அவருக்கு எரிச்சல்படுகிற ஆட்கள் தாராளமாகக் கிடைத்தார்கள். சமயநல்லூரில் நிலைமை வேறு என்பதைக் கள ஆய்வில் காண்போம்.

முதலில் தண்டவாள ஓரம். மதுரை–திண்டுக்கல் பாதையில் நம் நிலையத்தை ஒட்டி இருபுறமும் நல்ல தடம் இருக்கிறது. ஆனால் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவுப்படி அங்கே அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை. அதாவது, தெருவில் அம்மணமாய்ப் போனால் மூன்று மாதம், தண்டவாளத்தில் கோட்டுசூட்டோடு போனாலும் ஆறு மாதம். அது போக, இருபது பெட்டி நிறையப் பார்வையாளர்கள். இந்தப் பாதையைக் கைவிட்டேன்.

வயல் வரப்பு. அகலம் ஒரு பாதம், நண்டு வளையைச் சேர்த்தால் முக்கால் பாதம். விழுந்தால் சேறு உடுப்பாகிவிடும் என்பது ஒரு வசதி. ஆனால் தேனூர்ப் பக்கம் வயலில் எந்நேரமும் யாராவது குனிந்திருக்கிறார்கள். குனிந்திருப்பவர் கண்ணுக்குப் படமாட்டார், நாம் அவருக்குப் படுவோம். அவரே கோவணத்தில்தான் இருப்பார் என்றாலும், அதற்கு அவரிடம் காரணம் இருக்கிறது.

இந்தக் 'காரணம்' என்ற சொல்லில்தான் என் ஆய்வு திசை திரும்பியது. பெரியாற்றுத் தண்ணீர் வருகிற வாய்க்கால் படியில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். இடுப்பில் ஈரத்துண்டு, தோளில் பிழிந்த வேட்டி, கையில் சோப்பு டப்பாவோடு ஆண்கள் சாவகாசமாக ஊருக்குள் நடந்து போகிறார்கள். ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. குளிக்கிற இடத்தில் கண்ணைத் திருப்பிக்கொள்வது எழுதாத சட்டம். ஈரம் ஓர் அனுமதிச்சீட்டு. அதே ஆள் அதே துண்டோடு உலர்ந்த உடம்போடு அதே தெருவில் வந்தால், "என்னண்ணே, உடம்புக்குச் சொகமில்லையா?" பழனிமலை முருகனே ஆண்டிக் கோலத்தில் நிற்கிறான், அவனைப் பார்க்கத் தைமாதம் நெடுஞ்சாலையில் வேட்டி துண்டு மாலை சகிதம் நடக்கிறோம். அவனிடமும் காரணம் இருந்தது, மாம்பழம் கிடைக்கவில்லை. நம் ஊரில் உடுப்பு குறைவதற்கு யாரும் கோபிப்பதில்லை. ஏன் என்று கேட்பார்கள். "சும்மாதான்" என்கிற பதிலை மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

விடிகாலைக் கண்மாய்க் கரைக்கு முன்பெல்லாம் ஒரு பொதுக் காரணம் இருந்தது. செம்போடு போகிறவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. 2014-இல் காந்தி பிறந்தநாளன்று தூய்மை இந்தியா தொடங்கி, வீட்டுக்கு வீடு கழிப்பறை வந்தபின் அந்தக் காரணமும் வலுவிழந்துவிட்டது. பொதுச் சுகாதாரத்துக்கு மகத்தான வெற்றி, என் துறைக்குப் பேரிழப்பு. இதிலும் காந்தி குறுக்கே வந்தார் பாருங்கள்.

ஆயினும் கடைசி நம்பிக்கை கண்மாய்க் கரைதான். மாசி மாதம், ஐந்தேகால் மணி, இருட்டு இன்னும் முழுசாகக் கலையவில்லை. கரையின் கோடியில், ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் தடம் இரண்டாகப் பிரிகிறது. இடது தடத்தில் திரும்பினேன். பத்தடிக்குள் இருபக்கமும் சீமைக்கருவேலம் நெருக்கிக்கொண்டு வந்தது. அங்கேதான் இந்த ஆய்வின் மூலமுரண்பாடு புரிந்தது. ஒற்றையடிப் பாதையை யாரும் போடுவதில்லை, ஆள் போய்ப் போய் விழுவது அது. ஆள் போவது நின்றால் ஒரு மழையில் கருவை மூடிவிடும். ஆளில்லாத பாதை என்பது பாதையே இல்லை, முள். அந்த முள்ளோ செருப்பைத் துளைக்கும், டயரைத் துளைக்கும். அம்மண நடையாளர் தம் அங்கங்களைக் குறித்து இதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை.

திரும்பலாம் என்று திரும்பினபோதுதான் வேட்டி மாட்டியது. பின்பக்கம் ஒரு கிளை, விடுவிக்கக் கையை நீட்டியதில் முன்பக்கம் ஒரு கிளை. இடது கையால் இடுப்பைப் பிடித்தேன், வலது கை முள்ளில். நாலு முழமும் அவிழ்ந்து, துணி காய்கிற கொடிபோல் புதரில் தொங்கியது. உள்ளே பட்டாபட்டி இருந்தது. அதை ஆய்வின் குறைபாடாகக் கொள்ளலாம்.

அதுவரை ஒரு ஜீவனும் இல்லாத இடம். "இழுக்காதீங்கய்யா, கிழிஞ்சிரும், இந்தா வர்றேன்" என்று குரல். கிடை போட்டிருந்த ஆட்டுக்காரர் தொரட்டியோடு வந்தார். மேட்டிலிருந்து புல்லுக்கட்டோடு இறங்கிய ஒரு பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, திருப்பிய முகத்திலிருந்தே, "வாத்தியாரு வெளிக்குப் போக இம்புட்டுத் தூரமா வரணும்? வீட்ல கக்கூசு இல்லையாக்கும்" என்றார். கரைமேல் பால்கேன் கட்டிய டி.வி.எஸ். எக்ஸெல் ஒன்று வேகம் குறைத்து நின்றது. "சார், லிப்ட் வேணுமா?" ஆட்டுக்காரர் முள்ளுக்கு முள்ளாகத் துணியை எடுத்துவிட்டார். அவசரமே இல்லை. எடுத்துக்கொண்டே என் பென்சன் வந்துவிட்டதா, மகன் சென்னையில்தான் இருக்கிறானா, மூட்டுவலிக்கு எந்த வைத்தியம் பார்க்கிறேன் என்று கேட்டார். ஆடுகளும் சுற்றி நின்று பார்த்தன. எவர் முகத்திலும் எரிச்சல் இல்லை. 296-ஆம் பிரிவின்படி வழக்கு நிற்காது.

வேட்டியை மடித்துக் கட்டி, கிழிந்த பக்கத்தை உள்ளே செருகிக்கொண்டு, வேறெங்கும் நிற்காமல், யாரிடமும் பேசாமல் வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "கம்மாக்கரையில வேட்டியில்லாம நின்னீங்களாமே?"

கண்மாய்க்கரையிலிருந்து என் வீடு பன்னிரண்டு நிமிட நடை.