குழாயடியும் ஆலமரத்தடியும்: விக்கிப்பீடியர் வாய்ச்சண்டை குறித்த ஓர் இடவியல் ஆய்வு

இணையத்தில் கூடி எழுதுகிறவர்களுக்கு எழுத ஒரு பக்கம் வேண்டும். எழுதியதைக் குறித்து மல்லுக்கட்ட இன்னொரு பக்கம் வேண்டும். முதல் பக்கத்தை ஆராய்ந்தோர் பலர். இரண்டாவதை, அதுவும் அதன் உட்காரும் வசதியை, ஆராய்ந்தோர் எம் கண்ணில் படவில்லை. அக்குறை இன்றோடு நீங்குகிறது.

2001 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா தொடங்கியது. பின்னால் வந்த மொழிக்காரர்களில் பலர், பொதுப்பேச்சுப் பக்கத்துக்குத் தம் ஊரில் வம்பளக்கும் இடத்தின் பெயரையே வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர் பிஸ்ட்ரோவிலும், இத்தாலியர் பாரிலும், டச்சுக்காரர் மதுக்கடையிலும் கூடுகிறார்கள். ஹங்கேரியர் மதுக்கடைச் சுவரோடு நின்றுவிட்டார்கள். உள்ளே போகாத காரணம் மேலாய்வுக்கு உரியது. பீருக்குப் பேர்போன ஜெர்மானியரோ, ‘விக்கிப்பீடியா பற்றிய கேள்விகள்’ என்று அரசாங்க அலுவலகக் கவுன்ட்டர் போல ஒரு பலகையை மாட்டிவிட்டார்கள். (காப்பிக்கடை ஒன்றும் ஓரமாக உண்டு.) புதியவர் செய்த திருத்தத்தை அனுபவப்பட்டவர் ஒருவர் பார்த்து முத்திரை குத்தினால்தான் பொதுவாசகர் கண்ணில் படும் என்று 2008-இல் ஏற்பாடு செய்தவர்களும் இவர்களே. ஆக, எமது கருதுகோள் வலுப்பெறுகிறது: பேசுமிடம் எதுவோ, அதுவே குணம்.

ஆங்கிலத்தார் தேர்ந்தது ஊர்ப்பொது அடிபம்பு. நம் கணக்கில் குழாயடி. அங்கே என்ன நடக்கும் என்று தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சான்று, தயிர். ‘யோகர்ட்’ என்பதில் ‘ஜி’க்குப் பின் ஒரு ‘எச்’ வேண்டுமா? 2002-இல் எச் இல்லாமல் பிறந்த கட்டுரைத் தலைப்பில் 2003-இல் எச் ஏறியது; 2011-இல்தான் இறங்கியது. அமெரிக்க எழுத்துக்கூட்டல் கட்சி ஒருபுறம், பிரிட்டிஷ் கட்சி மறுபுறம். உறைக்கு ஊற்றிய தயிர் இத்தனை ஆண்டு புளித்தது சமையல் வரலாற்றில் இல்லை. சண்டை நடந்தது அந்தக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில்தானே, அடிபம்பிலா என்று குறுக்கிடுவோர், குழாயடிச் சண்டை குழாயோடு நிற்பதில்லை என்பதை அறியாதவர்கள்.

ஜப்பானியருக்கும் ஸ்வீடன்காரருக்கும் கிணற்றடி. ஜப்பானில் பெயர் பதியாமலே வந்து திருத்திவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். ஸ்வீடனில் ஸ்வெர்க்கர் யோஹான்சன் என்பவர் தானாகக் கட்டுரை எழுதும் தானியங்கி ஒன்றை ஏவிவிட்டார். அது ஸ்வீடிஷ் மொழியில் எழுதிக் குவித்தது போதாதென்று, அவர் மனைவியின் பிலிப்பைன்ஸ் மொழியான செபுவானோவிலும் இறங்கியது. செபுவானோ விக்கிப்பீடியா 60 லட்சம் கட்டுரைகளைத் தாண்டி, எண்ணிக்கையில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடி வந்து நின்றது. மல்லுக்கட்ட ஆளே வேண்டாத இந்த வளர்ச்சி எமது கருதுகோளுக்குப் பாதகமாக இருப்பதால், முறைப்படி ஆய்விலிருந்து விலக்கப்படுகிறது.

எஞ்சியது மரம். செக் நாட்டாருக்கு லிண்டன் மரத்தடி, கன்னடருக்கு அரசமரத்து மேடை, தெலுங்கருக்கு ரச்சபண்ட என்னும் மரத்தடி மேடை. மலையாளிகள் மரத்தை விட்டுவிட்டு நேரே பஞ்சாயத்து என்றே எழுதிவிட்டார்கள். ஒளிவுமறைவு இல்லாத மக்கள். 2003-இல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியா ஆலமரத்தடியில் அமர்ந்தது.

அமர்ந்தது சரி, ஆனால் ஜமுக்காளம் இல்லை, சொம்பு இல்லை, முக்கியமாக நாட்டாமை இல்லை. நிர்வாகிகள் உண்டு, பக்கத்தை நீக்கலாம், விஷமியைத் தடுக்கலாம். தீர்ப்பு மட்டும் சொல்ல முடியாது; பேசிப் பேசி எல்லாரும் ஒத்துவர வேண்டும். ஆகவே ஹிட்லரா இட்லரா என்ற கிரந்த வழக்கும், டாக்டரா டொக்டரா என்ற பாக் நீரிணை வழக்கும் அந்த நிழலை விட்டு எழுந்திருப்பதாக இல்லை. ‘வழிமாற்று’ என்றோர் உபாயம் உண்டு. எந்த எழுத்தில் தேடி வந்தாலும் ஒரே பக்கத்தில் கொண்டுவிடும். அந்தப் பக்கத்தின் தலைப்பில் எந்த எழுத்து நிற்பது என்பதுதான் இன்னும் வாய்தாவில் இருக்கிறது.