முழங்கை வழிக் கசிவு: மென் டாக்கோ குறித்த ஒரு தொடக்கநிலை ஆய்வு

முன்னுரை

டாக்கோ பற்றி இதுவரை வெளிவந்த ஆய்வுகளில் பெருங்குறை ஒன்று உண்டு. அவற்றை எழுதிய அறிஞர் எவரும் எழுதும் நேரத்தில் டாக்கோ உண்ணவில்லை என்பது அவர்தம் பக்கங்களின் தூய்மையிலிருந்தே புலனாகிறது. எண்ணெய்க் கறை படியாத ஏட்டைக் கள ஆய்வு என்று எப்படி ஏற்பது என்ற வினாவை எழுப்பி, அதற்கு விடை கூறாமல், மரபுப்படி அடுத்த பத்திக்குச் செல்கிறோம்.

ஆய்வுப் பொருள்: வீட்டில் எளிதாகச் செய்யும் மாட்டுக்கறி மென் டாக்கோ. ஆய்வுக் களம்: டெக்சஸ் மாநிலத்துத் தமிழ் வீடொன்றின் அடுப்படி. முதன்மைச் சான்று: டாக்கோ மசாலா உறையின் பின்பக்கம். துணைமைச் சான்றுகள்: மளிகைச் சீட்டு, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டு, நாகர்கோவிலிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மா. கருதுகோள்: டாக்கோ கசியும்.

ஆய்வு எல்லை

பொரித்து வளைத்த கடின டாக்கோ இவ்வாய்வுக்கு உட்பட்டதன்று. நியூயார்க்கில் உணவகம் நடத்திய ஹுவென்சியோ மால்டொனாடோ என்பவர், டோர்ட்டியா என்னும் தட்டை ரொட்டிகளை வளைத்த வடிவிலேயே பொரித்தெடுக்கும் கருவிக்கு 1950இல் காப்புரிமை பெற்றார். அவருக்கு வணக்கம். ஆனால் முதல் கடியிலேயே உடைந்து மடியில் விழும் பொருளைப் பற்றி நீட்டி எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

கோழி டாக்கோ: வேறோர் ஆய்வாளர் பதிவு செய்து வைத்திருக்கக்கூடும்.

மீன் டாக்கோ: மேலது.

இறைச்சி உண்ணாதோர்: படிப்பதற்குத் தடையில்லை.

தோற்றமும் தொன்மையும்

எந்தப் பொருளையும் சங்க இலக்கியத்தில் கண்டெடுத்துத் தரும் நம் மரபை ஒட்டி முதலில் அங்கே தேடினோம். ஊன்சோறு கிடைத்தது. சோற்றை எடுத்துவிட்டு டோர்ட்டியாவை வைத்தால் வேலை முடிந்தது என்று நண்பர் ஒருவர் கூறினார். நெறியாளராவதற்குரிய எல்லாத் தகுதியும் அவரிடம் உண்டு.

மெக்சிகோ பக்கம் போனால் நிலம் சற்றே உறுதிப்படுகிறது. ‘பிளானட் டாக்கோ’ என்ற நூலை 2012இல் எழுதிய வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி பில்ச்சர், 18ஆம் நூற்றாண்டு வெள்ளிச் சுரங்கங்களைக் கைகாட்டுகிறார். பாறையைப் பிளக்க வெடிமருந்தைத் தாளில் சுற்றித் துளையில் செருகுவார்கள். அந்தச் சுருளுக்கு டாக்கோ என்று பெயர் என்பது அவர் கருத்து. மிளகாய் சற்றுக் கூடிய டாக்கோவை உண்டவர் எவரும் இதை மறுத்து எழுதப்போவதில்லை.

தெற்கிலும் நடுப்பகுதியிலும் டோர்ட்டியா மக்காச்சோளத்தால் ஆனது. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, தோல் போகக் கழுவி அரைப்பார்கள். அந்தச் சுண்ணாம்புதான் சோளத்திலுள்ள நியாசின் என்னும் உயிர்ச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளும்படி விடுவிக்கிறது. சோளத்தை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போன ஐரோப்பாவில், அதையே உண்டு வாழ்ந்த ஏழைகளைப் பெலாக்ரா நோய் பிடித்தது. நூலை எடுத்துக்கொண்டு உரையை விட்டுவிட்டால் இப்படித்தான். கோதுமை விளையும் வடக்கே, சோனோரா போன்ற மாநிலங்களில், மாவு டோர்ட்டியா வழக்கில் வந்தது. மாடும் கோதுமையும் ஸ்பானியர் கொண்டுவந்தவை. கொத்துக்கறி, துருவிய செடார் பாலாடைக்கட்டி, ஐஸ்பெர்க் கீரை என்ற கூட்டணி எல்லைக்கு வடக்கே, அமெரிக்காவில் அமைந்தது.

இதைச் சொன்னதும் ‘அசல் டாக்கோவில் செடார் கிடையாது’ என்று ஒரு சாரார் எழுந்து நிற்பார்கள். அமரச் சொல்க. மிளகாயும் தக்காளியும் அதே மெக்சிகோ திசையிலிருந்து கிளம்பி வந்து நம் ரசத்தில் குடியேறி, ‘பாட்டி காலத்துப் பாரம்பரியம்’ என்று பெயரும் வாங்கிவிட்டன. அசல் பற்றிப் பேச நமக்கு வாயில்லை.

வகைப்பாடு

டாக்கோ சாண்ட்விச்சா? இவ்வினாவை ஆய்வாளர்கள் எழுப்பியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். எழுப்பியவை நீதிமன்றங்கள். 2006இல் மாசசூசெட்ஸ் நீதிமன்றம் ஒன்று, சாண்ட்விச் என்றால் இரண்டு துண்டு ரொட்டி வேண்டும், டாக்கோவின் உறவான பரிட்டோவில் இருப்பது ஒரே டோர்ட்டியா, ஆகவே பரிட்டோ சாண்ட்விச் அன்று எனத் தீர்ப்பளித்தது. ஒரு வணிக வளாகத்தில் இரண்டாவது சாண்ட்விச் கடை வரக்கூடாது என்ற ஒப்பந்தத்தால் வந்த வழக்கு அது. 2024 மே மாதம் இண்டியானா மாநிலத்து ஃபோர்ட் வெய்ன் நகரில் வேறொரு நீதிபதி, டாக்கோவும் பரிட்டோவும் ‘மெக்சிகோ பாணி சாண்ட்விச்’ என்றார். அங்கும் கடை வைப்பதுதான் சிக்கல்: சாண்ட்விச் கடைக்கு மட்டுமே இடம் என்று எழுதி வைத்திருந்தார்கள்.

ஆக, கடையைத் தடுக்க வேண்டுமானால் ஒரு வகைப்பாடு, திறக்க வேண்டுமானால் மற்றொன்று. இலக்கிய வரலாற்றில் கால ஆராய்ச்சியும் பெரிதும் இம்முறையிலேயே நடைபெறுகிறது.

அம்மாவின் வகைப்பாடு சுருக்கமானது. “மக்களே, சப்பாத்தியில எறச்சிய வச்சு மடக்கித் திங்கதுக்கா இந்தப் பாடு?” (வாய்மொழித் தரவு, அடுப்படி வாசல், வெங்காயம் உரித்தபடி).

காலம்

செவ்வாய்க்கிழமை. ‘டாக்கோ டியூஸ்டே’ என்ற தொடரை 1989இல் வணிகக்குறியாகப் பதிவு செய்து வைத்திருந்த வயோமிங்கின் டாக்கோ ஜான்ஸ் நிறுவனம் 2023இல் உரிமையைக் கைவிட்டது. கிழமையும் பண்டமும் இப்போது பொதுச்சொத்து.

மூலமும் உரையும்

மூலம் நான்கே அடி. கறியை வதக்குக, கொழுப்பை வடித்திடுக, மசாலாவும் நீரும் சேர்த்திடுக, கெட்டியாகும்வரை கொதிக்கவிடுக (உறை, பின்பக்கம், இடப்பத்தி). ஐந்தாவதாக ஓர் அடி இருந்து, கத்தரித்துத் திறக்கையில் சிதைந்திருக்கலாம் என்பது எம் ஊகம். ஊகத்தை அடுத்த பதிப்பில் முடிபாக்கிவிடுவோம்.

வதக்குக என்பது எளிதன்று. ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் கொத்துக்கறியைச் சட்டியில் போட்டவுடன் கரண்டியால் கிண்டத் தொடங்குபவர் கறியை வதக்கவில்லை, வேகவைக்கிறார். கறி விடும் நீர் வற்றும்வரை கறியின் சூடு 100 பாகை செல்சியஸைத் தாண்டாது. கறி சாம்பல் நிறத்தில் சோர்ந்து கிடக்கும். பிரெஞ்சு வேதியியலார் மையார் 1912இல் விளக்கிய, சர்க்கரையும் புரதமும் கூடிச் சிவந்து மணம் தரும் வினை அதற்கும் மேலான சூட்டில்தான் வேகம் பிடிக்கும். எனவே அகலச் சட்டி, நல்ல தீ. பரப்பிவிட்டுச் சில நிமிடம் கைகட்டி நிற்க வேண்டும். முனைவர் பட்ட ஆய்வின் இடையாண்டுகளில் இப்பயிற்சி நன்றாகவே கிடைக்கும்.

மசாலாப் பகுதியில் தமிழ் வீடுகளில் நேரும் விபத்து ஒன்றைப் பதிவு செய்வது கடமை. அமெரிக்கச் செய்முறையில் ‘சில்லி பவுடர் இரண்டு மேசைக்கரண்டி’ என்றிருக்கும். அது சீரகம், பூண்டு, ஓரிகானோ கலந்த சாதுவான பொடி. 1890களில் டெக்சஸின் நியூ பிரான்ஃபெல்சில் வாழ்ந்த கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர் விற்பனைக்குக் கொண்டுவந்த கலவையின் வழித்தோன்றல். ஊரிலிருந்து பெட்டியில் வந்த மிளகாய்த்தூளை அதே அளவு போட்டவர்கள் பில்ச்சரின் வெடிமருந்துக் கோட்பாட்டுக்கு உயிருள்ள சான்றுகள். உறை வாங்காதவர் நம் மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, சீரகத்தூள் இரண்டு, பூண்டு, உப்பு, சிறிது சோளமாவு என்று கலந்துகொள்ளலாம். அம்மா கேட்டது: “தேங்காக்கொத்து போடாண்டாமா?” வேண்டாம் என்றோம். தேர்வாளர் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டதுபோல் அவர் முகம் இருந்தது.

கசிவியல்

இனி நம் தனிப்பெரும் பங்களிப்பு. கசிவு மூவகைப்படும்: முன்கசிவு, அடிக்கசிவு, பின்கசிவு.

முன்கசிவு மோவாயில் நிகழ்வது, துடைத்தால் போயிற்று.

அடிக்கசிவு டோர்ட்டியா கிழிவதால் வருவது. குளிர்ந்த டோர்ட்டியாவில் மாவுச்சத்து இறுகி விறைத்திருக்கும்; மடித்தால் வெடிக்கும். எண்ணெயில்லாத தோசைக்கல்லில் பக்கத்துக்கு அரை நிமிடம் போட்டு, குமிழ் எழும்பியதும் எடுத்துத் துணியில் சுற்றி வைத்தால் கைக்குட்டையாக மடியும். மைக்ரோவேவில் சூடாக்குவோர் உளர். அவர்களுடைய நூல்கள் இங்கே மேற்கோள் காட்டப்படவில்லை.

பின்கசிவே ஆய்வுக்குரியது. உண்பவர் முன்வாயில் கடிக்கிறார்; உள்ளடக்கம் அழுத்தம் தாளாமல் பின்வாயை நோக்கி நகர்கிறது; செம்மஞ்சள் நிற எண்ணெய்ச் சொட்டு ஒன்று சுண்டுவிரல் அடியில் தோன்றி, மணிக்கட்டில் ஒரு கணம் நின்று, முன்கையின் உட்புறமாக இறங்கி முழங்கையை அடைகிறது. உண்பவர் கையைத் தாழ்த்தினால் மிச்சம் கொட்டும், உயர்த்தினால் இது வழியும். இந்த இருதலைக்கொள்ளி நிலையைத் தத்துவ நூல்கள் கண்டுகொள்ளாதது வியப்பு. சொட்டின் நிறத்துக்குக் காரணம், மிளகாயின் நிறமி நீரில் கரையாமல் கொழுப்பில் கரைவது. சான்று: ஆய்வாளரின் வலது சட்டைக்கை, முழங்கைப் பகுதி, துவைப்பதற்கு முந்தைய பதிப்பு. துவைத்தபின் வந்த திருத்திய பதிப்பிலும் பாடம் மாறவில்லை. சலவை சோடா கொண்டு பதிப்பித்த மூன்றாம் பதிப்பில் துணி நைந்து, கறை செம்மையாக எஞ்சியிருப்பதால் அதையே மூலபாடமாகக் கொள்க (மேலும் காண்க: மேசைவிரிப்பு, வடகிழக்கு மூலை, அதனோடு ஒப்பிடுக: பிள்ளையின் கணக்கு நோட்டு, பெருக்கல் பக்கம், ஆசிரியர் சிவப்பு மையால் இட்ட வட்டத்துக்கு உட்பட்ட பகுதி).

கசியும் பொருள் எங்கிருந்து வருகிறது? ‘80-20’ என்று அச்சிட்ட கறியில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு. ஒரு பவுண்டில் ஏறத்தாழ 90 கிராம் (மளிகைச் சீட்டு, தள்ளுபடிக்குக் கீழ்). இதை வடிப்போர், வடிக்காதோர் என இரு பள்ளிகள் உண்டு. வடிக்காதோர் சுவை போய்விடும் என்பர். அவர்களது முழங்கைகளைப் பார்த்தால் வேறு மறுப்பு தேவையில்லை. வடித்ததைத் தொட்டியில் ஊற்றினால் உறைந்து குழாயை அடைக்கும். பழைய டப்பாவில் ஊற்றி, இறுகியபின் குப்பையில் போட வேண்டும். இரண்டாம் ஊற்று, நீர். தக்காளியிலும் ஐஸ்பெர்க் கீரையிலும் 95 விழுக்காட்டை ஒட்டி நீர்தான். தக்காளி விதையை வழித்து எறிக, கீரையைக் கழுவியபின் உதறி உலர்த்துக. மூன்றாவது, பொறுமையின்மை. மசாலாவிலுள்ள மாவு குழம்பைப் பிடிக்க ஐந்து நிமிடமாவது கொதிக்க வேண்டும்.

அடுக்கு முறையிலும் பேரம் பேச இடமில்லை. சூடான டோர்ட்டியாமேல் முதலில் செடார். அது உருகி உள்பூச்சாகிவிடும். அதன்மேல் துளைக்கரண்டியால் அள்ளிய கறி, குவியலாக அன்று, நடுவே ஒரு வரி. பிறகு தக்காளி, கீரை, புளித்த க்ரீம் ஒரு துளி. கறியை முதலில் வைத்து மேலே பாலாடைக்கட்டி தூவுவோர் படத்துக்காகச் சமைப்பவர்கள்.

இத்தனைக்குப் பின்னும் கசியுமா? கசியும். புவியீர்ப்பு உள்ளவரை முழுத்தீர்வு இல்லை. 1985இல் விண்ணோடத்தில் பறந்த மெக்சிகோ விண்வெளி வீரர் ரோடோல்ஃபோ நேரி வேலா டோர்ட்டியாவை உடன் கொண்டுசென்றார். ரொட்டியைப்போல் அது துகளாக உதிர்ந்து கருவிகளுக்குள் மிதப்பதில்லை என்பதால் நாசாவும் அதைத் தொடர்ந்து அனுப்பிவருகிறது. 2021இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலேயே விளைந்த மிளகாயை வைத்து வீரர் மேகன் மெக்ஆர்தர் மாட்டுக்கறி டாக்கோ செய்தார். அங்கே சொட்டு முழங்கையைத் தேடி இறங்காது. எனினும் அங்கு சென்று கள ஆய்வு நடத்த நிதிக்கு விண்ணப்பிப்பது எங்கே என்று எம் நெறியாளருக்குத் தெரியவில்லை.

ஒவ்வாத தரவு

இந்நிலையில் அம்மா டோர்ட்டியாவை நான்காகக் கிழித்து, தட்டில் கிடந்த கறியைப் புரோட்டாவுக்குச் செய்வதுபோல் தொட்டுத் தின்று முடித்தார். ஒரு சொட்டும் விழவில்லை. அது டாக்கோ உண்ணும் முறையன்று என்பதால் இத்தரவு நீக்கப்பட்டது. கருதுகோளுக்குப் பொருந்தாததை நீக்கும் நல்வழக்கத்தை எமக்கு முன்னோர் பலர் கற்பித்துள்ளனர்.

முடிபு

டாக்கோ கசியும் என்பது நிறுவப்பட்டது. வாய்மொழித் தேர்வுக்கு வரும் பேராசிரியர்களுக்கு முந்திரிக் கேக்கும் மிக்சரும் வைப்பதே வழக்கம். ஆய்வேட்டைவிடக் கவனமாக மதிப்பிடப்படுவதும் அதுவே. இம்முறை டாக்கோ வைக்கப்படும். தேர்வாளர்கள் வெள்ளைச் சட்டையைத் தவிர்த்து, கைகளை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, சூடு ஆறுவதற்குள் வந்து சேரும்படி கேட்டுக்கொள்கிறோம்.