மேலது

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் மதியம் ஒன்றரை மணிக்கு அவரைப் பார்க்கலாம். தோளில் மடிக்கணினிப் பை, சட்டைப் பையில் மூன்று நிறப் பேனா, வயது நாற்பத்தைந்து, முனைவர் பட்டத்தில் ஏழாவது ஆண்டு. பரிமாறும் தம்பி, "அண்ணே, நேத்து எடுத்ததேதானா?" என்று கேட்டால், இலையைத் துடைத்தபடியே "மேலது" என்பார். அடிக்குறிப்பில் முன் சொன்ன நூலையே மறுபடி காட்டப் போடும் சொல் அது. இங்கே மேலது என்றால் கோழி வறுவல், ரசம், இரண்டு அப்பளம். தம்பிக்குப் பழகிவிட்டது. புதிதாக வேலைக்கு வந்த பையன் மட்டும் ஒருநாள் அண்ணாந்து கூரையைப் பார்த்தான்.

எடுத்த இடத்தைச் சொல்லாமல் ஆய்வேடு எழுதுகிறவர்கள் ஒரு பெருங்கூட்டம். அவர்களைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. யாராவது எழுதியிருந்தால் அதையே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நம்மவர் நேர் எதிர். "மழை வரும்போல இருக்கே" என்றால் "யாரு சொன்னது?" என்பார். குழம்பில் உப்புக் கூடினால் "கூடுதல் எனக் கருத இடமுண்டு" என்பார். தொல்காப்பியரிடமே அவருக்கு ஒரு மனத்தாங்கல். "என்ப, என்மனார்னு எழுதிட்டுப் போயிட்டாரு. யாரு என்ப? எந்த வருசம்? எத்தனையாவது பக்கம்? எங்க மேற்பார்வையாளர்கிட்ட குடுத்திருந்தா எழுத்ததிகாரத்தோட திரும்பி வந்திருக்கும்!"

கே.எல். சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்குக் கொம்யூட்டர் ரயிலில் போகும்போதும் மேற்கோள் வேலைதான். சுபாங் ஜெயாவில் சாய்வெழுத்தாக்கிய கட்டுரைத் தலைப்பை ஷா ஆலாமில் நிமிர்த்துவார். சாய வேண்டியது ஆய்விதழின் பெயர் என்பது பாடாங் ஜாவாவில் நினைவுக்கு வரும்.

அவருடைய உண்மையான பகை பெயர்களோடுதான். ஏ.பி.ஏ. மேற்கோள் முறைப்படி முதலில் குடும்பப் பெயர், காற்புள்ளி, பிறகு முன்னெழுத்து. நமக்குக் குடும்பம் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. சேவியர் தனிநாயகம் அடிகளார் 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டியவர். தமிழாய்வுக்கு உதவும் நூல்களைத் தொகுத்து அதே ஆண்டு ஒரு வழிகாட்டி நூலும் வெளியிட்டவர். நம்மவரின் முதல் வரைவில் அடிகளார் 'சேவியர்' என்று ஓரிடத்தில், 'தனிநாயகம்' என்று ஓரிடத்தில், 'நாயகம்' என்று ஓரிடத்தில், மூன்று பேராக நின்றார். ஊருக்கே நூற்பட்டியல் போட்டுக்கொடுத்த மனிதருக்கு இந்தக் கதி.

சொந்தப் பெயரின் கதி இதைவிட மோசம். மலேசிய அடையாள அட்டையில் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே 'ஏ/எல்' என்று நிற்கும். அனாக் லெலாக்கி, இன்னாருடைய மகன். வெளிநாட்டு ஆய்விதழின் கணினிக்கு இந்த உறவு புரியுமா? கடைசியில் நிற்பதுதான் குடும்பப் பெயர் என்று முடிவுகட்டிவிட்டது. ஆக, தோட்டத்தில் பால்மரம் வெட்டி, மூன்றாம் வகுப்போடு படிப்பை முடித்த அப்பா இன்று நாட்டார் வழக்காற்றியல் அறிஞர். நான்கு கட்டுரைகளில் மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறார். ஐந்தாவதில் ஒருவர் "இவர் கருத்தை ஏற்பதற்கில்லை" என்று எழுத, நம்மவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. "எங்கப்பாவச் சொல்றதுக்கு அவன் யாரு அண்ணே?"

எழுத்துத் திருட்டைச் சோதிக்கும் 'டர்னிட்டின்' மென்பொருளின் கதையும் உண்டு. அவருடைய நூற்பட்டியல் முழுவதையும் அது சிவப்பாக்கிக் காட்டியது. ஊர் உலகம் போடும் நூலின் பெயரையே இவரும் போட்டால் ஒத்துத்தானே போகும்? பட்டியலை விலக்கிவிட்டுச் சோதிக்க அதிலேயே ஒரு பொத்தான் இருப்பது தெரிவதற்குள் ஆறு கிலோ இளைத்துவிட்டார்.

ஆய்வுப் பொருள், தோட்டப்புறத் தாலாட்டு. கிள்ளானில் இருக்கும் அம்மாதான் சுரங்கம். நாற்பது பாட்டுக்குக் குறையாது. ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பாட, இவர் கைப்பேசியில் பதிந்தபடி குறுக்கே குறுக்கே கேட்டார்.

"இத யாருகிட்டம்மா கேட்டீங்க?"

"ஆயாக்கொட்டாயில ஒரு கெழவி பாடும்."

"அவங்க யாருகிட்ட கேட்டாங்க?"

"ராஜூலா கப்பல்ல வந்தவ அவ. கடல்ல எவகிட்ட கேட்டாளோ?"

"வருசம்?"

"நீ தூங்காம உசுர வாங்குன வருசம்டா. எழுதிக்க."

ஆய்வேடு ஒருவழியாகக் கட்டடம் ஆகி வந்தது. கறுப்பு அட்டை, பொன் எழுத்து. அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"எம் பேரு எங்கடா?"

நம்மவர் 212-ஆம் பக்கத்தைப் புரட்டி ஓர் அடைப்புக்குறியைக் காட்டினார். அம்மா பெயர், 'தனிப்பட்ட உரையாடல்', தேதி.

"இம்மாத்தூண்டா? பின்னால பெருசா ஒரு பட்டியல் இருக்கே, அதுல?"

"அதுல போடக் கூடாதும்மா. படிக்கிறவங்க தேடி எடுக்க முடியாத பேச்ச பட்டியல்ல சேர்க்கக் கூடாதுன்னு விதி."

"தேடி எடுக்க முடியாதா? நான் இங்கதானடா இருக்கேன்."

அவர் பேசவில்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலில் விரலை ஓட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. மகன் தன் கட்டுரையையும் சேர்த்திருந்தார், முறைப்படி.

"இது உங்கப்பா பேரால்ல இருக்கு?"

"ஆமாம்மா. அது வந்து..."

"அந்த மனுசனுக்கு ஒரு பாட்டுக்கூடத் தெரியாதேடா!"