டொராண்டோ கடிதம்: வினைச்சொல்லுக்கு இடம் பிடித்தல்

‘நாய் மாமாவைக் கடித்தது’ என்றாலும் ‘மாமாவை நாய் கடித்தது’ என்றாலும் ஊசி மாமாவுக்குத்தான். ‘ஐ’ உருபு மாமாவை விடாமல் ஒட்டிக்கொண்டிருப்பதால், அவரை வாக்கியத்தில் எங்கே கொண்டுபோய் உட்காரவைத்தாலும் ஆள் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் அந்த உருபின் வேலையை இடம் பார்க்கிறது. வினைக்கு முன்னால் நிற்பவர் கடித்தவர், பின்னால் நிற்பவர் கடிபட்டவர். ‘அங்கிள் பிட் தி டாக்’ என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் நர்ஸ் நாயின் உடல்நிலையைத்தான் முதலில் விசாரிப்பார். பழைய ஆங்கிலத்திலும் வேற்றுமை உருபுகள் இருந்தன. 11ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு அவை படிப்படியாகத் தேய்ந்து உதிர்ந்தன. ஹீ–ஹிம், ஷீ–ஹெர் போன்ற இணைகளில்தான் கொஞ்சம் மிச்சம். ஆகவே எல்லாம் வரிசையை நம்பியே நடக்கிறது. பஸ் நிறுத்தமோ வாக்கியமோ, வரிசை விஷயத்தில் இந்த ஊர்க்காரர்கள் ரொம்பக் கண்டிப்பு.

குடிவந்தவர்களுக்காக கனடாவின் மத்திய அரசு 1992 முதல் ‘லிங்க்’ என்ற இலவச மொழி வகுப்பை நடத்துகிறது. குடியுரிமை கேட்பவர் 18 முதல் 54 வயதுக்குள் இருந்தால், கேட்பதிலும் பேசுவதிலும் மொழித்திறன் அளவுகோலின் 4ஆம் நிலையையாவது எட்டியிருக்க வேண்டும். 55 ஆனவர்களுக்கு இந்த நிபந்தனை இல்லை. ஆனாலும் முன்வரிசையில் பாட்டிகளைக் காணலாம். ஜனவரி மாதத்தில் சூடான அறையும் பேச்சுத்துணையும் லேசில் விடக்கூடியவை அல்ல.

வகுப்பில் ஓயாமல் நடக்கும் பயிற்சி, துண்டுச்சீட்டுகளை அடுக்குவது. ‘அட் நைட்’, ‘டிரைவ்ஸ்’, ‘மை சன்’, ‘எ டிரக்’ என்று நான்கு சீட்டுகள் கலைந்து கிடக்கும். தமிழர் கை தானாகவே ‘மை சன் அட் நைட் எ டிரக் டிரைவ்ஸ்’ என்று அடுக்கும். பக்கத்து மேசையில் கொரியரும் துருக்கியரும் ஈரானியரும் அதையேதான் அடுக்கியிருப்பார்கள். காப்பி அடித்ததாக ஆசிரியர் நினைத்தால் அது அநியாயம். அவர்கள் மொழிகளிலும் வினை கடைசியில்தான் வரும். உலக மொழிகளில் ஆங்கில வரிசையைவிட இந்த வரிசைக்கே ஆள்பலம் சற்று அதிகம்.

சீட்டை மாற்றி வைப்பது சுலபம், வாயை மாற்றுவதுதான் கஷ்டம். தமிழ் வாக்கியத்தில் முடிவைக் கடைசிவரை கையில் வைத்திருக்கலாம். ‘நாளைக்கு, சித்தி பெண் கல்யாணம் இருப்பதால், நான் வேலைக்கு வர…’ என்று இழுத்து, மேலாளரின் புருவத்தைப் பார்த்துவிட்டு, ‘மாட்டேன்’ என்றோ ‘கொஞ்சம் லேட்டாகும்’ என்றோ முடித்துக்கொள்ளலாம். ‘ஐ கான்ட்’ என்று தொடங்கியவருக்கு அந்த வசதி கிடையாது. இரண்டாவது சொல்லிலேயே குட்டு உடைந்துவிடும். கல்யாணம் யாருக்கு என்பதெல்லாம் பிறகுதான். ஊரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகங்களை வாங்கி அடுக்கிவைத்திருப்பவர்கள் கவனிக்க: பலன் தருவது, யார், என்ன செய்கிறார் என்ற இரண்டை மட்டும் முதலில் சொல்லி நிறுத்திப் பழகுவது. ‘ஐ பாட்’, ‘ஷீ குக்ஸ்’, ‘வி மிஸ்ட்’. அது வாயில் படிந்த பிறகு எதை, எங்கே, எப்போது என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

‘நேற்று கடையில் அண்ணி வாங்கிய சிவப்புக் குடை’ போன்றவற்றுக்குப் பின்னாலிருந்து படிக்கும் தந்திரம் ஓரளவு உதவும். குடை முன்னே வரும், கடை பின்னே போகும், ‘யெஸ்டர்டே’ கடைசியில் நிற்கும். ஆனால் அண்ணி மட்டும் ‘பாட்’டுக்கு முன்னால் ஏறிக்கொள்வார்; சிவப்பு இரண்டு மொழியிலும் குடையை விட்டு நகராது.

கேள்வியில் ஆட்டம் வேறு. தமிழில் ஒரு ‘ஆ’ போதும். நீயா, நேற்றா, கடைக்கா என்று சந்தேகம் எதில் இருக்கிறதோ அதில் மாட்டிவிடலாம். ஆங்கிலத்தில் துணைவினை எழுந்து எழுவாய்க்கு முன்னால் போக வேண்டும். துணைவினை இல்லாத இடத்தில் ‘டூ’ ஒன்றைக் கடன் வாங்க வேண்டும். இப்படித் திருப்பிப்போட்டு ‘வேர் இஸ் தி ஸ்டேஷன்?’ என்று கேட்கத் தேறியதும் மரியாதைக் கேள்வி பாடமாக வருகிறது. ‘குட் யூ டெல் மீ’ என்று தொடங்கினால், திருப்பியதை மறுபடி நேராக்கி ‘வேர் தி ஸ்டேஷன் இஸ்’ என்றுதான் முடிக்க வேண்டும். பெரும்பாலோருக்கு அந்தப் பாடம் வருவதற்குள் ஸ்டேஷனுக்கு வழி தெரிந்துவிடுகிறது.