பெட்டி பாடக் கூடாது, மருமவனே!

ஏ மருமவனே, நேத்து ராத்திரி வீட்டுல பாத்திரக்கடை ஏதும் திறந்தியா? தெருவே கடகடன்னு கெடந்துச்சே! ஸ்பீக்கர் சத்தமா அது? நான் எங்க அக்கா பீரோவுக்குள்ள பூனை மாட்டிட்டுன்னுல்லா நெனச்சேன்.

கொண்டா, பெட்டியப் பாப்போம். 12 இஞ்சு சப்வூஃபர். ஆளு கம்பீரமாத்தான் இருக்கான். அவன உக்கார வச்சிருக்கது 12 மில்லிமீட்டர் பலகையில. உள்ள ஒரு குறுக்குச் சட்டம் கெடையாது. பட்டு வேட்டி கட்டிக்கிட்டு அரணாக்கயிறு இல்லாம மாப்பிள்ளை ஊர்வலம் போன கதையாட்டுல்லா இருக்கு. பாட்டு சூடு பிடிச்சா வேட்டி எங்க நிக்கும்?

நீ படிச்ச பிள்ளை, நான் மைக் செட்டு கட்டுனவன். ஆனாலும் சொல்லுதேன். கோயில் கொடையில வில்லுப்பாட்டு பாத்திருக்கல்லா? குடக்காரன் மட்டையால மண்குடத்து வாயில ஒண்ணு போட்டான்னா ‘தொம்’முன்னு நெஞ்சுல வந்து விழும். குடம் அதிரல, மருமவனே. வயித்துக்குள்ள இருக்க காத்துதான் சுருள்வில்லு மாதிரி சுருங்கி விரியுது. கழுத்துல இருக்க காத்து அந்தச் சுருள்வில்லுல கட்டுன கல்லு மாதிரி முன்ன பின்ன ஆடுது. ஜெர்மனியில ஹெல்ம்ஹோல்ட்ஸ்னு ஒரு பெரியவர் 19-ஆம் நூற்றாண்டுல இதக் கணக்காப் போட்டு வச்சாரு. அமெரிக்காவுல பெல் ஆய்வுக்கூடத்து ஆல்பர்ட் துராஸ் ஸ்பீக்கர் பெட்டிக்கு அந்தக் கழுத்த வச்சு 1932-ல காப்புரிமை வாங்கினாரு. நம்ம குடக்காரனுக்கு யாரும் காப்புரிமை குடுக்கல, கொடைச் சோறுதான் போட்டாவ.

ஆக, நீ செஞ்சது பெட்டியில்ல, குடம். குடத்துக்கு ரெண்டு கணக்கு. வயிறு எம்புட்டு, கழுத்து எம்புட்டு. ஆனா மொதல்ல சாதகம் பாக்கணும். ஸ்பீக்கர் கூட ஒரு சீட்டு வந்துச்சே, அதுல எஃப்எஸ், க்யூடிஎஸ், வாஸ்னு போட்டிருக்கும். ஆஸ்திரேலியாவுல நெவில் தீல் 1961-ல எழுதி, பொறவு ரிச்சர்டு ஸ்மால் 1970-கள்ல விரிச்சு வச்ச கணக்கு அது. க்யூடிஎஸ் 0.4 பக்கமோ அதுக்குக் கீழயோ இருந்தா கழுத்துக் குழாய் வச்ச பெட்டிக்குத் தோதான ஆளு. 0.6, 0.7-ன்னா மூடுன பெட்டியில வச்சு மரியாதையா அனுப்பிரு. அந்தச் சீட்ட எங்க வச்சே? பஜ்ஜி வச்சுத் தின்னுட்டியா? நல்லது.

சரி, உன் ஆளுக்கு 60 லிட்டர் வயிறு, 32 ஹெர்ட்ஸ் சுருதின்னு வச்சுக்குவோம். உள்ளளவு 50 சென்டிமீட்டர் உயரம், 34 அகலம், 41 ஆழம்னா கிட்டத்தட்ட 70 லிட்டர் வரும். ‘பத்து லிட்டர் கூட இருக்கே மாமா’ன்னு பல்லக் காட்டாத. ஸ்பீக்கரு பின்பக்கம் ஒரு மூணு லிட்டர் திம்பான், குழாய் ஒரு மூணு லிட்டர், சட்டங்க ஒரு மூணு லிட்டர். வீடு கட்டும்போது சுவரு திங்க எடத்த மறந்தவன் கட்டிலக் குறுக்கப் போட்ட மாதிரி ஆவும். குழாயடியில குடம் நெறைய நெறைய சத்தம் மேல ஏறுதா இல்லியா? காத்துக்கு எடம் கொறஞ்சா சுருதி ஏறிரும். அம்புட்டுதான்.

கழுத்துக்குக் கடையில 4 இஞ்சு பிவிசி பைப்பு கேட்டா, வெளியளவு 110 மில்லிமீட்டர்ல குடுப்பான். உள்ளளவ நீ அளக்கணும். உள்ள 10 சென்டிமீட்டர் இருந்தா, இந்தப் பெட்டிக்கு நீளம் 31 சென்டிமீட்டர் பக்கம் வரும். நீளம் கூடுனா சுருதி எறங்கும், கொறஞ்சா ஏறும். அதனால மொதல்ல 35-ல அறு. நறுக்கிக்கிடலாம், வளக்க முடியாது. குழாயோட உள்வாய் எதிர்ப்பலகையில முட்டிக்கிட்டு நிக்கக் கூடாது. அந்த வாய் அகலத்துக்காவது எடம் விடு. வாய் ஓரத்த உருட்டி வழவழன்னு வை. இல்லன்னா சத்தம் ஏறும்போது ‘புஸ் புஸ்’ஸுன்னு வெறும் காத்துதான் வரும். உனக்கு என்ன, பாம்பு வந்துட்டுன்னு ஊரக் கூட்டிருவ.

இப்ப சுவருக்கு வருவோம். உன் நோக்காடு அங்கதான். இந்த 12 இஞ்சு ஆளு ஒரு சென்டிமீட்டர் உள்ள தள்ளுனா அரை லிட்டர் காத்து நசுங்கும். 60 லிட்டர் பெட்டியில அது பக்கப் பலகை மேல கிட்டத்தட்ட 24 கிலோ பாரமா விழும். ஒரு சிப்பம் அரிசி, மருமவனே! ஒரு நொடிக்கு நாப்பது தடவ அந்தச் சிப்பத்தப் பலகையில எறிஞ்சு எறிஞ்சு இழுத்தா, உன் 12 மில்லிமீட்டர் பலகை அப்பளமாத்தான் நெளியும்.

எனக்கும் வயசுல இந்தக் கிறுக்கு உண்டு. ஒரு கொடைக்கு பாக்கிங் பலகையில ஒரு பெட்டி அடிச்சேன். பசையில்ல, சட்டமில்ல, வெறும் ஆணி. மேளம் ஏறுச்சு. பெட்டி நடுங்கி, முனகி, பந்தக்கால்ல இருந்து ஒரு முழம் நகந்து வந்துட்டு. ஒரு கெழவி கூட்டத்த விலக்கிட்டு வந்து அதுக்குத் திருநீறு பூசி, ‘நீ யாருய்யா?’ன்னு கேட்டா பாரு! அன்னைக்குப் படிச்சேன், பாட வேண்டியது ஸ்பீக்கரும் குழாயும். பெட்டி பாடக் கூடாது.

அதனால 18 மில்லிமீட்டர் பலகையப் போடு. பலகை கனம் ரெண்டு மடங்கானா விறைப்பு எட்டு மடங்கு ஏறும். ஆனா எடையும் ஏறும், தூக்க நான் வரமாட்டேன். சட்டம்தான் மலிவு. ரெண்டு கல்லு மேல வச்ச பலகைக்கு நடுவுல இன்னொரு கல்லக் குடுத்தா, தொய்வு பதினாறுல ஒரு பங்குகூட வராது. அந்தக் கல்லுதான் சட்டம். நாலு ஜன்னல் அறுத்த பலகை ஒண்ண உள்ள நாலு சுவரும் தொடுத மாதிரி நட்டுரு. ஜன்னல் பெருசா இருக்கணும், காத்து போய்வரணும். சரி நடுவுல வைக்காத, கொஞ்சம் தள்ளி வை. ரெண்டு பக்கமும் ஒரே அளவுன்னா ரெண்டும் ஒரே சுருதியில சேந்து முனகும், மாமியாரும் நாத்தனாரும் மாதிரி. சட்டம் போட்ட பலகைக்கும் ஒரு அதிர்வு உண்டு. ஆனா அது நூத்துக்கணக்கான ஹெர்ட்ஸுக்கு மேல ஏறிரும், அங்க உன் சப்வூஃபர் போறதே இல்ல.

மூட்டெல்லாம் மரப்பசை போட்டு இறுக்கிக் காய விடு. எம்டிஎஃப்னா ஸ்க்ரூவுக்கு மொதல்ல சின்ன ஓட்டை போடு, இல்ல ஓரம் பொளந்துரும். பொறவு சாமி அறையில இருந்து ஒரு ஊதுபத்தி எடுத்துட்டு வா. பாட்டுப் போட்டு மூட்டோரமாக் காட்டு. புகை துடிச்சா அங்க ஓட்டை. பக்தியும் ஆச்சு, வேலையும் ஆச்சு.

கடைசியா, போன்ல ஒத்தச் சுருதியா 25-ல இருந்து 45 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஓட்டு. எங்க ஸ்பீக்கர் ஆட்டம் அடங்கி, குழாயில காத்து வீசுதோ, அதுதான் உன் பெட்டியோட சுருதி. 32-க்கு மேல இருந்தா குழாய் நீளம் பத்தல. கீழ இருந்தா வாள எடுத்து நறுக்கு. அந்தச் சுருதிக்கும் கீழ பாட்ட விடாத. கயித்தறுத்த வாளி மாதிரி ஆளு கட்டுப்பாடில்லாம ஆடி, காயில் முட்டிரும். ஆம்ப்ளிஃபயர்ல சப்சானிக் ஃபில்டர் இருந்தா 25, 28 பக்கம் வச்சிரு.

எல்லாம் முடிஞ்சா சத்தமாப் பாட்டுப் போட்டு, பெட்டியோட பக்கப் பலகையில உள்ளங்கைய வை. கை சும்மா இருந்தா நீ ஆசாரி. அதிர்ந்தா இன்னொரு சட்டம். ஆனா ராத்திரி பத்துக்கு மேல சோதிக்காத. பெட்டிக்குத் திருநீறு பூசுன கெழவி உங்க பாட்டிதான். இப்ப கையில ஊணுகம்பு வச்சிருக்கா.