கேஸ் மட்டும் அடைச்சா போதும்

பழைய கார் விற்கிறவர்கள் சொல்லும் பொய்களில் எனக்கு மிகவும் பிடித்தது, "ஏசி நல்லாத்தான் இருக்கு, கேஸ் மட்டும் அடைச்சா போதும்" என்பது. அடைத்தால் போதுமென்றால் அவரே அடைத்துவிட்டு இன்னும் ஐந்நூறு டாலர் கூட்டிக் கேட்டிருப்பாரே! இந்த எளிய கேள்வி, பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கி, பாதி வழி வந்த பிறகுதான் எனக்கு உதித்தது. டாலஸ், ஜூன் மாதம். கார் 1987ஆம் வருடத்து போர்ஷ் 944.

போர்ஷ் என்றதும் ஆள் பசையுள்ள பார்ட்டி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 944 அந்தக் கம்பெனியின் மலிவு வரிசை. 1982 முதல் 1991 வரை ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். பெரும்பாலானவை ஜெர்மனியில், நெக்கர்சுல்மில் இருக்கும் ஆடி கார்த் தொழிற்சாலையில் பூட்டப்பட்டவை. ஸ்விட்சைப் போட்டால், படுத்திருக்கும் முகப்பு விளக்குகள் எழுந்து நிற்கும். நான் விழுந்தது அதில்தான். பின்பக்கம் முழுக்க ஒரே கண்ணாடிக் குமிழ். நெக்கர்சுல்மில் அது அழகு. டெக்சாஸ் வெயிலில், கருப்புத் தோல் சீட்டும் சேர்ந்துகொண்டால், உள்ளே அப்பளம் பொரிக்கலாம்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் புத்தகத்தைத் திறக்கிற ரகம் நான். எனவே முதல் சறுக்கல் படிப்பிலேயே நேர்ந்தது. அந்தக் காலத்துக் கார் ஏசிகளில் ஓடியது ஆர்-12. தாமஸ் மிட்ஜ்லி என்ற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் புழக்கத்துக்குக் கொண்டுவந்த வாயுக் குடும்பத்தைச் சேர்ந்தது. விஷமில்லை, தீப்பிடிக்காது என்று நிரூபிக்க, 1930ல் வேதியியலாளர்கள் கூட்டத்தில் மிட்ஜ்லி அதை மூச்சில் இழுத்து, ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். பெட்ரோலில் ஈயம் கலக்கும் யோசனையும் இதே மனிதருடையதுதான். உலகத்துக்கு நல்லது செய்யப் போய் இரண்டு முறை சொதப்பியவர். (என் சேதாரம் ஒரு காரோடு நின்றது என்பதில் எனக்குச் சற்று ஆறுதல்.) இந்த வாயுக்கள் ஓசோனைத் தின்னும் என்று 1974லேயே மோலினா, ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எழுதினார்கள். என் கார் பிறந்த அதே 1987ல் மாண்ட்ரியலில் ஒப்பந்தம் போட்டு ஆர்-12ஐக் குறைக்க நாள் குறித்துவிட்டார்கள். 1995 முடிவோடு அமெரிக்காவில் உற்பத்தி நின்றது. மோலினாவும் ரோலண்டும் நோபல் பரிசில் பங்கு பெற்றதும் அந்த வருடம்தான்.

இப்போது ஆர்-12 வேண்டுமென்றால் பழைய சரக்கைத் தேட வேண்டும். அதை வாங்க 609 என்றொரு சான்றிதழும் வேண்டும். ஆன்லைன் தேர்வு, புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். எழுதினேன், தேறினேன், சான்றிதழை அச்சடித்து கராஜ் சுவரில் ஒட்டினேன். பிறகுதான் பானெட்டைத் திறந்து நிதானமாகப் பார்த்தேன். பழைய உரிமையாளர் எப்போதோ ஆர்-134ஏவுக்கு மாற்றி, கொட்டை எழுத்தில் ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தார். அதன் சின்ன டப்பாவை உதிரிபாகக் கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். சான்றிதழ் இன்னும் சுவரில்தான் இருக்கிறது.

கடையில் இரண்டு வகை டப்பா. ஒன்று வெறும் கேஸ். இன்னொன்றில் கேஸோடு ஓட்டை அடைக்கும் மருந்தும் கலந்திருக்கும். விலை கொஞ்சம்தான் கூட. சரவண பவனில் மினி டிபனா ஃபுல் மீல்ஸா என்றால் எப்போதும் மீல்ஸ் பக்கம் சாய்கிறவன், இங்கேயும் சாய்ந்தேன். டப்பாவோடு வரும் குட்டி கேஜில் முள் பச்சைப் பகுதிக்கு வரும்வரை ஏற்றச் சொல்லியிருந்தது. பச்சைக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் போட்டால் இன்னும் குளிருமே என்று மேலும் ஏற்றினேன். ஏசியில் கேஸ் கூடினாலும் குளிர் குறையும் என்பதும், அந்த கேஜ் ஒரு பக்க அழுத்தத்தை மட்டுமே காட்டும் என்பதும் பிறகு தெரிந்துகொண்ட ஞானம். காற்று வெந்நீர் ஆவி மாதிரியே வந்தது.

சரி, தெரிந்தவர்களிடம் விடுவோம் என்று ஓர் ஏசி கடைக்கு ஓட்டிப் போனேன். கேஸைச் சோதிக்கும் கருவியைச் சொருகிய பையன், மருந்து கலந்திருக்கிறது என்று தெரிந்ததும், தொற்றுநோய்க்காரனைக் கண்டவன் போலக் குழாயைப் பிடுங்கிக்கொண்டான். அந்த மருந்து அவர்கள் மெஷினுக்குள் போனால் இறுகி அடைத்துக்கொள்ளுமாம். காரைப் பின்னால் எடுக்கச் சொல்லி அவனே கைகாட்டி வழியனுப்பினான். கெஞ்சிய பிறகு இன்னொரு கடைக்காரர், இதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்த ஒரு பழைய மெஷினில் கேஸை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டு, மிச்சத்தை நீயே பார்த்துக்கொள் என்றார்.

பார்த்துக்கொண்டேன். ஈரம் உறிஞ்சும் டிரையரை மாற்றினேன். இணைப்புகளைக் கழற்றும்போது இரண்டு ஸ்பேனர் போட வேண்டும், ஒன்று பிடிக்க, ஒன்று திருக. நான் ஒன்றைப் போட்டுத் திருகினேன். நட்டு அசையவில்லை, அலுமினியக் குழாய் அசைந்தது, முறுக்குப் பிழிந்த மாதிரி அழகாக முறுக்கிக்கொண்டு. வேறு குழாய் வந்து சேர்ந்ததும் பம்ப்பும் கேஜும் இரவல் வாங்கி வாக்குவம் போட்டேன். உள்ளே அழுத்தம் இறங்கினால் மிச்ச ஈரம் அறை வெப்பத்திலேயே கொதித்து வெளியேறிவிடும் என்பது இதிலுள்ள சூட்சுமம். பம்ப்பை நிறுத்தினேன். முள் மெல்ல ஏறியது. லீக்! ஒவ்வோர் இணைப்பாகப் பிரித்து, பச்சை ஓ-ரிங்குகளுக்கு எண்ணெய் தடவிப் புதிதாகப் போட்டேன். மறுபடியும் முள் ஏறியது. இரவல் கேஜின் நீல ஹோஸில்தான் லீக் என்று கண்டுபிடித்தபோது, மாற்றுவதற்கு அந்தக் காரில் ஓ-ரிங் எதுவும் பாக்கியில்லை.

நல்ல கேஜ் வந்தது, கேஸ் அளவாகப் போனது, கம்ப்ரஸர் டக்கென்று கவ்வியது. (ஜெர்மன் கார் என்று பேர், கம்ப்ரஸர் என்னவோ நிப்பான்டென்ஸோ.) குழாயைத் தொட்டால் ஜில்லென்று வியர்த்திருந்தது. உள்ளே உட்கார்ந்தால் மட்டும் அதே வெந்நீர் ஆவி.

"ஏங்க, வேன்ல போயிடலாமே" என்றாள் என் மனைவி. அவள் பொறுமைசாலி, இதை ஜூன் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசியில், பழைய போர்ஷ்களிலேயே முடி நரைத்த ஒரு மெக்கானிக் கிடைத்தார். என் ரசீதுக் கட்டை நீட்டினேன், வாங்கவில்லை. சான்றிதழ் பற்றிச் சொன்னேன், கேட்கவில்லை. என்ஜினை ஓடவிட்டு, அதன் பின்புறம் ஹீட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸைத் தொட்டவர் கையை வெடுக்கென்று எடுத்தார். "நீ கூல் வெச்சிருக்கே, இது ஏன் கொதிக்குது?" ஒரு கிளாம்பை எடுத்து அந்த ஹோஸை நசுக்கிப் பூட்டினார். சற்று நேரத்தில் டேஷ்போர்டிலிருந்து வந்தது, சாமி சத்தியமாக, குளிர்காற்று.

என்ஜினின் கொதிக்கும் கூலன்ட்டை ஹீட்டருக்குள் விடாமல் தடுக்க அங்கே ஒரு பிளாஸ்டிக் வால்வு. என்ஜின் வாக்குவம்தான் அதை மூடிப் பிடித்திருக்க வேண்டும். வாக்குவம் போனால் வால்வு திறந்தே கிடக்கும். கோளாறு வந்தாலும் குளிரில் யாரும் விறைத்துவிடக் கூடாது என்ற ஜெர்மன் கரிசனம் என்று நினைக்கிறேன். ஆக, ஏசி குளிரவைத்ததையெல்லாம் பக்கத்திலிருந்த ஹீட்டர் சுடவைத்துக்கொண்டிருந்தது. குளிர் எங்கே ஒழுகிப் போகிறது என்று தேடித் தேடி உள்ளே மூட்டியிருந்த அடுப்பைப் பார்க்கவில்லை. நான் மாற்றிய எல்லாவற்றையும்விட அந்த வால்வு மலிவு.

வால்வை மாற்ற அவர் ஒரு தொகை சொன்னார். இவ்வளவு சின்ன வேலைக்கா என்று நானே மாற்றினேன். மறுநாள் ஆடி வெள்ளி. பட்டுப்புடவையில் மனைவியை ஏற்றிக்கொண்டு இர்விங் கோயிலுக்குக் கிளம்பினேன். பத்து நிமிஷம் சொர்க்கம். "பரவாயில்லையே" என்றாள். பிறகு டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கி நகரத் தொடங்கியது. வால்வை மாற்றினால் கூலன்ட்டுக்குள் காற்று புகுந்துகொள்ளும். என்ஜின் மேலே அதற்கென்றே இருக்கும் திருகைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். நான் திறக்கவில்லை. ஹைவேயில் அந்த நிலைமையில் என்ஜினைக் காப்பாற்ற ஒரே உபாயம், ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழு வேகத்தில் வைத்துச் சூட்டை உள்ளே இறக்குவது.

நாற்பது டிகிரி வெயிலில் ஹீட்டர் போட்டேன். மனைவி ஒன்றும் பேசவில்லை. கோயில் வாசலில் இறங்கி, கழுத்தை முந்தானையால் துடைத்தபடி, "புது வால்வு நல்லாத் திறக்குது" என்றாள்.

அதன் பிறகு தீபாவளி நெருங்கும்வரை கார் பக்கமே போகவில்லை. காற்றை வெளியேற்றி, கறி வெந்ததா என்று குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரை ஏசி துவாரத்தில் செருகிப் பார்த்தேன்: 7 டிகிரி. உள்ளே போய் மனைவியைக் கூப்பிட்டேன். வெளியே நல்ல காற்று வருகிறது, கண்ணாடியை இறக்கிவிட்டுப் போகலாம் என்றாள்.